கொட்டகையில் தூங்கிய ஹெரால்டு

"கார் ரிப்பேரைப் பற்றி எழுத இவளுக்கு என்ன தெரியும்?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான்! 2021 வரைக்கும் காரைப் பற்றி எனக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். ஏறும்போது புடவைத் தலைப்பை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். இறங்கும்போது கதவை ஓங்கிச் சாத்தக்கூடாது. அவ்வளவுதான்.

இன்றைக்கு எங்கள் ஆம்பூர் வீட்டுப் பின்கட்டுக் கொட்டகையில், 1970-ஆம் வருஷத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று ஓடும் நிலையில் நிற்கிறது. அதை நிமிர்த்தியது பெரிய ஒர்க்‌ஷாப் எதுவும் இல்லை. என் மாமனார், என்னவர், பிள்ளைகள் இரண்டு பேர், தெருக்கோடி மெக்கானிக் பாய், பக்கத்து வீட்டு அக்கா, அப்புறம் நான். அந்த மூன்று வருஷத்துக் கதையையும், நடுவில் நாங்கள் செய்த ஒரு பெரிய தப்பையும் சகோதரிகளிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

மாமாவின் கார்

என் மாமனார் தோல் வியாபாரத்தில் ஏஜெண்டாக இருந்தவர். ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி என்று சுற்றிவிட்டு, வாரம் ஒரு தடவை மெட்ராஸ் பெரியமேட்டுக்குப் போய் வருவார். அந்த அலைச்சலுக்காக 1976-இல் வாங்கிய செகண்ட் ஹாண்ட் கார் இது. 1998-இல் கொட்டகைக்குள் போனது. அப்புறம் வெளியே வரவில்லை. அதன் தலையில் விறகு, ஓட்டை டிரங்குப் பெட்டி, கோழிக்கூடு என்று என்னென்னவோ ஏறின.

2019-இல் மாமியார் காலமானார். அதிலிருந்து மாமா பேச்சையே குறைத்துவிட்டார். "சாப்பிடுங்க மாமா" என்றால் சாப்பிடுவார். "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்றால் தலையை ஆட்டுவார். 2021-இல் பழைய இரும்பு வியாபாரி ஒருவர் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "18,000 ரூபா தரேன்" என்றார். என்னவருக்குச் சம்மதம்தான். திண்ணையிலிருந்த மாமா எழுந்து போய், முன்பக்கத்து இடது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இது அவ உக்காந்த எடம்பா" என்றார்.

இரண்டு வருஷத்தில் யாரும் கேட்காமல் அவராகப் பேசிய பேச்சு அது ஒன்றுதான். வியாபாரி போய்விட்டார். அன்று ராத்திரி நான் என்னவரிடம் சொன்னேன்: "ஓட வச்சுப் பார்க்கலாம். ஆனா மாசம் 4,000 ரூபாய்க்கு மேல ஒரு பைசா கிடையாது. பிள்ளைங்க படிப்புப் பணத்தையும் என் நகையையும் தொடக்கூடாது." அவர் ஒப்புக்கொண்டார். கணக்கு நோட்டு என் கையில் வந்தது.

மெட்ராஸில் பிறந்தது

ஹெரால்டு நம் மெட்ராஸ் கார் என்பது உங்களுக்குத் தெரியுமா? 1948-இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா கம்பெனி, வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் இதைச் செய்தது. இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் 1959-இல் வந்த கார், இங்கே 1961-இல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆனது. அதன் உருவத்தை வரைந்தவர் மிக்கலாட்டி என்ற இத்தாலியர். இங்கிலாந்தில் இரண்டு கதவுதான். 'குடும்பம் ஏறி இறங்கச் சிரமம்' என்றோ என்னவோ, நம் ஊரில் பிற்பாடு நாலு கதவு வைத்தார்கள். எங்களுடையது அந்த நாலு கதவு மாடல்.

வீட்டில் வைத்து வேலை பார்க்க இதைப் போல் வசதியான கார் குறைவு என்பார் பாய். முன்பக்க மட்கார்டுகளோடு சேர்ந்து மூடி முழுவதும் முன்னால் கவிழ்ந்து திறக்கும். என்ஜின், சக்கரம் எல்லாம் திறந்து வைத்த அலமாரி மாதிரி கண்ணுக்கு நேரே தெரியும். அடியில் சேஸி தனி. மேலே உடம்பைத் துண்டு துண்டாகப் போல்ட் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள்.

கழற்றும்போது ஒவ்வொரு போல்ட்டும் எங்கே இருந்தது என்று தெரிய வேண்டுமே? என் பழைய அஞ்சறைப் பெட்டி இரண்டும் கொட்டகைக்குப் போயின. மிளகு இருந்த கிண்ணத்தில் கார்புரேட்டர் திருகாணி, கடுகு இருந்த இடத்தில் கதவுக் கீல் போல்ட்! எல்லாவற்றிலும் சீட்டு ஒட்டி எழுதியது பெண். கழற்றும் முன் போட்டோ எடுத்தது பையன். எதை முதலில் கழற்ற வேண்டும் என்று நாற்காலியில் உட்கார்ந்து சொன்னது மாமா. ஆமாம், பேச ஆரம்பித்திருந்தார்!

23 வருஷம் சும்மா நின்ற என்ஜினை எடுத்ததும் சாவி போட்டு முடுக்கக்கூடாதாம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக எண்ணெய் விட்டு, ஒரு வாரம் ஊற வைத்து, பிறகு கையால் மெல்லச் சுற்றிப் பார்த்தார்கள். பெட்ரோல் டேங்கில் பழைய பெட்ரோல் பிசின் மாதிரி படிந்திருந்தது. ஒயர்களை எலி தின்றிருந்தது. கிடைக்காத சாமான்களுக்குச் சென்னை புதுப்பேட்டைக்கு நாலைந்து தடவை அலைந்தார் என்னவர்.

பையன் கேட்ட டர்போ

என் பையனுக்கு ஸ்போர்ட்ஸ் கார் பைத்தியம். ஒரு நாள் ஓடி வந்தான். "அம்மா, ஸ்பிட்ஃபயர்னு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் 1962-ல வந்துச்சு. நம்ம ஹெரால்டு சேஸியைக் குட்டையாக்கித்தான் அதுக்குப் போட்டாங்க. வரைஞ்சவரும் அதே மிக்கலாட்டிதான். அப்ப நம்ம காரும் ஸ்போர்ட்ஸ் கார் ஜாதிதானே? ஒரு டர்போ மாட்டிடலாமா?"

டர்போ என்றால் என்ன என்று அவன் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். விறகு அடுப்பில் ஊதுகுழலால் ஊதினால் காற்று கூடுகிறது; தீ கொழுந்து விடுகிறது. என்ஜினும் அப்படித்தான். கூடுதல் காற்றை அமுக்கி உள்ளே அனுப்பினால் கூடுதல் பெட்ரோல் எரியும், பலம் கூடும். அந்தக் காற்றை யார் ஊதுவது? வெளியே போகிற புகையே ஊதும்! புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்ற, அதே தண்டில் இருக்கும் இன்னொரு சக்கரம் புதுக் காற்றை உள்ளே தள்ளுகிறது. நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் கூடச் சுற்றுமாம். ஆல்ஃபிரெட் பூக்கி என்ற ஸ்விட்சர்லாந்துக்காரர் 1905-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஜெர்மனியின் போர்ஷே கம்பெனி தன் டர்போ ஸ்போர்ட்ஸ் காரை 1974-இல் காட்டியது. இப்போது நம் தெருவில் ஓடும் சின்னக் கார்களிலும் டர்போ இருக்கிறது. உங்கள் வீட்டுக் காரில் இருந்தால், என்ஜின் ஆயிலைக் கெடு தவறாமல் மாற்றுங்கள். மலை ஏறி வந்தவுடன் சட்டென்று அணைக்காமல், திறந்த இடத்தில் ஒரு நிமிஷம் சும்மா ஓட விட்டு அணையுங்கள். அந்தச் சக்கரம் சூடு ஆற வேண்டும்.

பாய் பையனிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "தம்பி, எவர்சில்வர் குண்டான் மேல விசிலைப் போட்டா குக்கர் ஆயிடுமா?" 948 சி.சி. கொண்ட அந்தப் பழைய என்ஜினின் பிஸ்டனும் கேஸ்கெட்டும் அத்தனை அழுத்தத்துக்குச் செய்தவை அல்ல. வெடித்துக் கெட்டுவிடும் என்று விளக்கினார். பையனுக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் புரிந்துகொண்டான்.

சீட்டு எங்கள் பொறுப்பு

ஆம்பூரில் இருந்துகொண்டு சீட்டுக்கு ரெக்சின் மட்டும் போட்டால் ஊர் சிரிக்காதா? பக்கத்து வீட்டு அக்கா ஷூ கம்பெனியில் 20 வருஷமாகத் தைக்கிறவர். கடையில் எடைக்கு வாங்கிய மிச்சத் தோல் துண்டுகளை வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். நான் ரவிக்கை தைக்கிறவள். தோல் வேறு என்று அன்றுதான் தெரிந்தது.

துணியில் தப்பாகத் தைத்தால் பிரித்துவிடலாம். தோலில் விழுந்த ஓட்டை விழுந்ததுதான். குண்டூசி குத்தக்கூடாது, கிளிப் போட்டுப் பிடிக்க வேண்டும். தோலை வெட்டிக்கொண்டு இறங்கும் முனையுள்ள தனி ஊசி வேண்டும். நெருக்கித் தைத்தால், தபால் தலை ஓரம் மாதிரி அந்த வரிசையிலேயே கிழிந்துவிடும். தையல் கொஞ்சம் நீளமாக இருக்க வேண்டும். மடிப்பு வரும் ஓரத்தைக் கத்தியால் சீவி மெலிதாக்கினால்தான் மொத்தையாக நிற்காது. பழைய உறையைப் பிரித்து, பேப்பரில் அளவு எடுத்து, துண்டுகளைப் பட்டை பட்டையாக இணைத்து உட்காரும் பகுதிக்குத் தைத்தோம். பக்கவாட்டுக்கு ரெக்சின். கனமான தையலெல்லாம் அக்கா. ஓரம் சீவியதும் ஒட்டியதும் நானும் பெண்ணும்.

நாங்கள் செய்த தப்பு

2022 நவம்பர். நல்ல மழை. அன்று சாயங்காலம் என்ஜின் முதல் தடவையாகத் தொடர்ந்து ஓடியது. பாய் இல்லை. நாங்களே ஓட விட்டோம். எல்லோரும் கைதட்டினோம். சாரல் அடிக்கிறது என்று கொட்டகைத் தகரக் கதவை இழுத்து முக்கால்வாசி சாத்தியது நான்தான்.

கால் மணி இருக்கும். பெண் "தலை வலிக்குதும்மா" என்றாள். சந்தோஷத்தில் சாப்பிடாமல் நின்றிருக்கிறாள் என்று நினைத்தேன். காபி போடச் சமையலறைக்குப் போனேன். அங்கே போனதும் என் தலைபாரம் குறைகிற மாதிரி இருந்தது. ஏதோ மனசில் பட்டு ஓடி வந்தால், மாமா வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறார், பெண் சுவரைப் பிடித்தபடி தடுமாறுகிறாள். "எல்லாரும் வெளிய வாங்க!" என்று கத்தினேன். மழையோடு மழையாக முற்றத்துக்கு இழுத்து வந்தோம். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரண்டு பேருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். ராத்திரி முழுக்க அங்கே பெஞ்சில் உட்கார்ந்து நான் வேண்டாத தெய்வம் இல்லை.

டாக்டர் சொன்னார்: "கார்பன் மோனாக்சைடும்மா. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்துல ஆக்சிஜன் உக்கார வேண்டிய எடத்தை இது பிடிச்சுக்கும். ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கும். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா மயக்கம், அப்புறம் உயிருக்கே ஆபத்து." காரில் மட்டுமில்லை. மூடிய அறையில் கரியடுப்பு, வீட்டுக்குள் ஜெனரேட்டர், ஜன்னல் இல்லாத குளியலறையில் காஸ் ஹீட்டர் எல்லாமே இந்த விஷத்தைக் கக்கக்கூடியவை. வீட்டில் ஒருவருக்கு மேல் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல் வந்தால் உடனே எல்லோரையும் வெளிக்காற்றுக்கு அழைத்து வந்து, டாக்டரிடம் போங்கள்.

கொட்டகைச் சாவியை ஒரு மாதம் என் இடுப்பிலேயே வைத்திருந்தேன். மாமா கேட்கவே இல்லை, மறுபடி மௌனமாகிவிட்டார். கடைசியில் பெண்தான் கேட்டாள். "அடுப்புல கை சுட்டுச்சுன்னு நீ சமைக்கிறதை விட்டுட்டியாம்மா?"

சாவியைக் கொடுத்தேன். கூடவே ஒரு அட்டையில் இதையும் எழுதிக் கொட்டகைச் சுவரில் மாட்டினேன்.

1. என்ஜின் ஓடுவது திறந்த வெளியில் மட்டும். மழை என்றால் நாளைக்கு.

2. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக்கூடாது. உறுதியான இரும்பு ஸ்டாண்டு கட்டாயம்.

3. பழைய பிரேக் டிரம்மில் இருக்கும் தூசியை ஊதவோ பெருக்கவோ கூடாது. அந்தக் காலத்து பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. நுரையீரலில் தங்கிப் பல வருஷம் கழித்து நோய் தரும். மாஸ்க் போட்டு, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறிய வேண்டும்.

4. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். உலர்வாகத் தேய்க்காமல் தண்ணீர் விட்டே உப்புத்தாள் தேய்க்க வேண்டும். பிள்ளைகள் அந்தப் பக்கமே வரக்கூடாது. அந்தத் துணியைத் தனியே துவைக்க வேண்டும்.

5. பெட்ரோல், மண்ணெண்ணெய், பிரேக் ஆயில், ரேடியேட்டர் கூலன்ட் எதையும் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றக்கூடாது. கூலன்ட் இனிக்கும், குழந்தை குடித்துவிடும். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

6. பாட்டரி ஆசிட் கண்ணிலோ தோலிலோ பட்டால் 20 நிமிஷம் விடாமல் தண்ணீரால் கழுவ வேண்டும், பிறகு டாக்டர்.

கணக்கும் முடிவும்

என் நோட்டுக் கணக்கு இது: என்ஜின் வேலை 32,000, டிங்கரிங், பெயிண்டிங் 48,000, டயர் 14,000, பிரேக், கிளட்ச் 13,000, ஒயரிங் 9,000, பாட்டரி 5,000. மொத்தம் 1,21,000 ரூபாய். தோலும் நூலும் என் தையல் காசில்.

50 வருஷத்துக்கு மேற்பட்ட கார்களை விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்ய 2021-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும் என்று அதில் சொல்லியிருந்தார்கள். கண்காட்சி, பழைய கார்களின் ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் ஓட்டலாம். தினசரி உபயோகத்துக்கு இல்லை. நாங்கள் அப்படித்தான் 2024-இல் பதிவு செய்தோம்.

அதனால் எங்கள் முதல் பயணம் பையன் ஆசைப்பட்ட ஏலகிரிக்கு அல்ல, பெட்ரோல் பங்குக்கு! என்னவர் ஓட்டினார். மாமாவுக்காக நான் முன்பக்கத்து இடது கதவைத் திறந்து பிடித்தேன். அவர் பின் சீட்டில் ஏறிக்கொண்டு, "நீ உக்காரும்மா அங்க" என்றார். தலைப்பை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். போகும்போதும் வரும்போதும் அவர் பெரியமேட்டுக் கதையைப் பேசிக்கொண்டே வந்தார்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பழைய ரேடியோவோ, கால் தையல் மெஷினோ, சைக்கிளோ இருக்கலாம். இரும்புக்காரருக்குப் போடுமுன், வீட்டுப் பெரியவரிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். எடுத்து வேலை பார்ப்பதென்றால், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.