புராஸ்டேட் கோளாறும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும்

அறுபதைத் தாண்டிய ஆண்கள் வீட்டில் சொல்லத் தயங்கும் தொல்லை ஒன்று உண்டு. இரவில் நாலைந்து முறை எழுந்திருப்பது, சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போவது, போய் வந்த பிறகும் மீதி இருப்பதுபோல் தோன்றுவது. பெரும்பாலும் இதற்குக் காரணம் புராஸ்டேட் சுரப்பி. ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி, ஒரு பெரிய நெல்லிக்காய் அளவில் இது இருக்கிறது. வயது ஏற ஏறப் பெருக்கும். இந்த வீக்கம் புற்றுநோய் அல்ல. ஆனால் இதே சுரப்பியில் புற்றுநோயும் வரலாம். ஆரம்பத்தில் அது எந்த அறிகுறியும் காட்டாமலே இருக்கக்கூடும்.

இரண்டையும் பிரித்தறிவதில்தான் சிக்கல். பி.எஸ்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனையில் அளவு 4 நானோகிராமுக்கு மேல் போனால் சந்தேகம் எழும். ஆனால் சாதாரண வீக்கத்தாலும், கிருமித் தொற்றாலும்கூட அது உயரும். முன்பெல்லாம் அடுத்த படி பயாப்சிதான். புற்று எந்த இடத்தில் என்று தெரியாமலே சுரப்பியில் பல இடங்களில் ஊசி குத்தித் துணுக்கு எடுப்பார்கள். புற்று ஊசிக்குத் தப்பிவிடுவதும் உண்டு.

இங்கேதான் 'டிஃப்யூஷன்' எம்.ஆர்.ஐ. உதவுகிறது. உடலிலுள்ள நீரின் மூலக்கூறுகள் சதா அசைந்துகொண்டே இருக்கின்றன. விடியற்காலையில் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் கைவீசி நடக்கலாம். தசரா ஊர்வலத்தன்று சயாஜி ராவ் ரோடில் ஓர் அடி வைப்பதே பெரும்பாடு. நல்ல சுரப்பியில் நீர் ஏரிக்கரையில் நடப்பவர் போல. உயிரணுக்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் புற்றில், தசராக் கூட்டத்தில் சிக்கியவர் போல. ஸ்கேன் இயந்திரம் காந்தப்புலத்தை ஒரு பக்கம் சாய்த்து, கண நேரத்தில் மறுபக்கம் சாய்க்கிறது. அதற்குள் அதிகம் இடம் மாறிய நீரின் சிக்னல் மங்கும். அடைபட்ட நீரின் சிக்னல் பலமாக நிற்கும். இதிலிருந்து கணக்கிடும் எண்ணுக்கு ஏ.டி.சி. என்று பெயர். எண் குறையக் குறையச் சந்தேகம் கூடும்.

நம் நாட்டிலும் இதில் உழைத்தவர்கள் உண்டு. பயாப்சிக்கு முன்பே இந்த எண்ணால் புற்றை ஊகிக்க முடியுமா என்று டில்லி எய்ம்ஸில் என்.ஆர். ஜகந்நாதன் குழுவினர் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார்கள். 2017இல் பிரிட்டனில் 576 ஆண்களிடம் நடந்த ஆய்வில், அபாயமான புற்றுகளில் பழைய ஊசி முறை கண்டது நூற்றுக்கு 48. டிஃப்யூஷன் உள்ளிட்ட எம்.ஆர்.ஐ. கண்டது 93. முதலில் ஸ்கேன் எடுத்தால் நாலில் ஒருவருக்குப் பயாப்சியே தேவைப்படாது என்றும் தெரிந்தது.

ஆனால் எண் மட்டுமே தீர்ப்பு ஆகாது. காசநோய், நாள்பட்ட அழற்சி ஆகியவையும் ஏ.டி.சி.யைக் குறைக்கும். இயந்திரத்துக்கு இயந்திரம் எண் சற்று மாறும். ஆகவே டாக்டர்கள் மற்றப் படங்களையும் சேர்த்துப் பார்த்து 1 முதல் 5 வரை மதிப்பெண் இடுகிறார்கள். 4, 5 என்றால் அந்த இடத்தையே குறிவைத்துத் துணுக்கு எடுத்து உறுதி செய்வார்கள்.

கவனிக்க வேண்டியவை: கூடியவரை பயாப்சிக்கு முன்பே ஸ்கேன் எடுப்பது நல்லது, ஊசி குத்திய இடத்து இரத்தக்கசிவு பல வாரங்கள் படத்தைக் குழப்பும். பேஸ்மேக்கர், செயற்கை இடுப்பு மூட்டு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இதில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. தந்தைக்கோ சகோதரருக்கோ இந்தப் புற்று வந்திருந்தால், தொல்லை வரும்வரை காத்திராமல் டாக்டரைக் கேளுங்கள். வீட்டுப் பெரியவர் இரவில் அடிக்கடி எழுந்தால், வயதுக் கோளாறு என்று விட்டுவிடாமல் பிள்ளைகளே பேச்சை ஆரம்பித்து டாக்டரிடம் அழைத்துப் போகலாம்.