வாஷிங் மெஷின் வாங்குமுன் குழாயைப் பாருங்கள்

மும்பை: தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் தமிழர் வீடுகள் பலவற்றில் எழும் பேச்சு, வாஷிங் மெஷின் வாங்கலாமா என்பதே. கடைக்குப் போனால் அடுத்த கேள்வி: கதவு முன்பக்கமா, மேல்பக்கமா?

முன்பக்க மெஷினில் துணி உருண்டு புரண்டு துவைபடுகிறது. தண்ணீர் குறைவாகச் செலவாகும். நிமிடத்துக்கு 1,000 சுற்றும் அதற்கு மேலும் சுழன்று பிழிவதால், ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டும் மழையிலும் துணி விரைவில் உலரும். ஆனால் விலை அதிகம். சுமார் 60 கிலோ கனம். நுரை குறைந்த தனிச் சோப்புத் தூள் வேண்டும்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஒருமுறை துவைக்க ஒன்றரை, இரண்டு மணி நேரம்கூட ஆகும். சால் வீடுகள் பலவற்றிலும் குடிசைப் பகுதிகளிலும் குழாயில் நீர் வருவதோ தினம் சில மணி நேரமே. குழாய் நின்றால் மெஷினும் பாதியில் நிற்கும். மாதத் தவணை மட்டும் நிற்காது.

மேல்பக்க மெஷின் தண்ணீரை அதிகம் குடிக்கும். என்றாலும் டிரம்மில் பிடித்து வைத்த நீரை வாளியால் ஊற்றலாம், விட்டுப்போன சட்டையை நடுவில் போடலாம், குனிய வேண்டாம். இரண்டு தொட்டி கொண்ட 'செமி ஆட்டோமேடிக்' விலையும் குறைவு, எடையும் குறைவு. வீடு மாறும்போது தூக்கிச் செல்வது எளிது. துவைத்ததைப் பிழியும் தொட்டிக்குக் கையால் மாற்றுவதுதான் கூடுதல் வேலை.

மாடித் தொட்டியிலிருந்து நாள் முழுதும் நீர் வரும் வீட்டார் முன்பக்க மெஷினைத் தாராளமாக வாங்கலாம். விடியற்காலையில் குடத்துடன் வரிசையில் நிற்போருக்கு மேல்பக்கமே உகந்தது.