மறதிநோயும் தொலைமருத்துவமும்

வயது போன ஒருவர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னால், "அவருக்கு அறளை பெயர்ந்துவிட்டது" என்று சிரித்துவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். வைத்தியர்கள் இதை டிமென்ஷியா, அதாவது மறதிநோய் என்கிறார்கள். முதுமை வந்தால் இதுவும் வந்தே தீரும் என்பது சரியல்ல. மூளைக் கலங்கள் சேதமடைவதால் ஏற்படும் பல நோய்களுக்கு இது பொதுப்பெயர். அவற்றுள் அதிகம் காணப்படுவது, ஜேர்மனிய வைத்தியர் அலொய்ஸ் அல்சைமர் 1906இல் முதன்முதலாக விவரித்த அல்சைமர் நோய். உலகில் 55 மில்லியனுக்கும் அதிகமானோர் மறதிநோயுடன் வாழ்கிறார்கள் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவர்களைப் பராமரிப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். மகள், மருமகள், சில வீடுகளில் பாடசாலை செல்லும் பேத்தி.

ஓமந்தையில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். வவுனியா வைத்தியசாலைக்கு ஏ9 வீதியால் பஸ்ஸில் போவது ஆரோக்கியமான ஒருவருக்குப் பெரிய பயணமல்ல. மறதிநோய் உள்ளவருக்கு அது வேறு கதை. கிளினிக் வரிசையில் காத்திருக்கும்போது அவர் எழுந்து நடக்கத் தொடங்கிவிடுவார். அவரைப் பிடிக்க ஒருவர், இலக்கம் எடுக்க ஒருவர் என இரண்டு பேர் வேண்டும். இருவருக்கும் அன்றைய கூலி இல்லை.

இந்த இடத்துக்கு இன்னொரு பாரமும் உண்டு. 2002 யுத்த நிறுத்த உடன்படிக்கையின் பின் ஏ9 பாதை திறந்தபோது, ஓமந்தையில்தான் இராணுவச் சோதனைச் சாவடி இருந்தது. பையைத் திறந்து, அட்டையைக் காட்டி, வரிசையில் நின்றே வன்னிக்குப் போய்வந்தோம். மறதிநோய் பொதுவாக அண்மைக்கால நினைவுகளைத்தான் முதலில் கொண்டுபோகும். பழையவை நெடுநாள் நிற்கும். காலையில் சாப்பிட்டதை மறந்த மூதாட்டி ஒருவர், வைத்தியசாலை வரிசையைக் கண்டதும் பதறிப்போய் அடையாள அட்டையைத் தேடினால் அதில் வியப்பில்லை. "யுத்தம் முடிந்துவிட்டது" என்று வாதாடிப் பயனில்லை. "அட்டை என்னிடம் இருக்கிறது, பயப்படாதீர்கள்" என்றால் அடங்கிவிடுவார்.

இப்படியான ஒரு வசனத்தை யாராவது சொல்லித்தர வேண்டும். அதற்குப் பஸ் ஏற வேண்டியதில்லை, ஒரு தொலைபேசி அழைப்புப் போதும்.

தொலைமருத்துவம் என்பது தூரத்தில் இருக்கும் வைத்தியரோ தாதியோ தொலைபேசியில் அல்லது காணொளியில் பார்த்து ஆலோசனை சொல்வது. தமிழகத்தில் இதற்கு நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு. சென்னையில் 1984இல் தொடங்கப்பட்ட ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனம், 2010இல் புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பத் தொடங்கியது. நோயாளி பஸ்ஸுக்குள் இருப்பார். வைத்தியர் 350 கிலோமீற்றருக்கு அப்பால் சென்னையில் இருந்தபடி திரையில் பேசுவார். மருந்து பஸ்ஸிலேயே கிடைக்கும். அது கடுமையான மனநோய்களுக்கான திட்டம். ஆனாலும் அதில் ஒரு விடயம் நமக்கும் பொருந்தும்: நோயாளியின் பக்கத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் இருந்தார். வெறும் திரையை வைத்துக்கொண்டு அந்த வேலை நடக்கவில்லை.

மறதிநோயில் முதல் பரிசோதனை நேரில்தான் நடக்க வேண்டும். தைரொயிட் குறைபாடு, விற்றமின் பி12 குறைவு, மனச்சோர்வு போன்றவையும் மறதியைத் தரும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. இரத்தப் பரிசோதனையைத் தொலைபேசியில் செய்ய முடியாது. நோய் இன்னதென்று தெரிந்த பிறகு வரும் மாதங்களில்தான் தொலைபேசி உண்மையில் கைகொடுக்கும். மருந்து ஒத்துக்கொள்கிறதா, இரவில் தூங்குகிறாரா, விழுந்தாரா என்பதையெல்லாம் வீட்டிலிருந்தே சொல்லலாம். மாலையில் அவர் எப்படிப் பதறுகிறார் என்பது கிளினிக்கில் காலை பத்து மணிக்குத் தெரியாது. வீட்டில் எடுத்த ஒரு நிமிடக் காணொளி அதைக் காட்டிவிடும். அந்தக் காணொளி வைத்தியருக்கு மட்டுமே. குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டுச் சிரிக்க அதை எடுக்கவில்லை.

என் எண்ணத்தில், இந்த அழைப்புகளால் நோயாளியைவிடப் பராமரிப்பவருக்கே நன்மை அதிகம். "நான் அசர் தொழுதேனா?" என்று உம்மம்மா ஒரே பின்னேரத்தில் இருபது தடவை கேட்டால், இருபத்தோராவது தடவை எவருக்கும் குரல் உயரும். பின்னர் அழுகை வரும். அதை உம்மம்மாவின் முன்னால் வைத்தியரிடம் சொல்ல முடியாது. ஆகவே பராமரிப்பவருக்கென்று தனியாக ஓர் அழைப்பு வேண்டும், முற்றத்தில் நின்று பேசக்கூடியதாக. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு இரவிலும் பகலிலும் அழைத்துத் தமிழில் பேசலாம். கொழும்பு மருதானையில் 2001 முதல் இயங்கும் லங்கா அல்சைமர் மன்றமும் குடும்பங்களுக்கு ஆலோசனை வழங்குகிறது. பராமரிப்பவர்களுக்காக உலக சுகாதார நிறுவனம் 2019இல் 'ஐ சப்போர்ட்' என்ற இணையப் பாடநெறியை வெளியிட்டது. அதன் ஐந்து பகுதிகளில் ஒன்று முழுவதும் பராமரிப்பவர் தன்னைக் கவனித்துக்கொள்வது பற்றியது.

குறைகளும் இருக்கின்றன. காது கேளாதவருக்குக் கைபேசி வெறும் இரைச்சல். திரையில் தெரியும் வைத்தியரை வீட்டுக்கு வந்த விருந்தாளி என்று நினைத்துத் தேநீர் போடச் சொல்பவர்களும் உண்டு. சிக்னல் அறுந்துபோகும், டேட்டாவுக்குக் காசு வேண்டும். காணொளி முடியாவிட்டால் சாதாரண அழைப்பே போதும். ஒன்றை மட்டும் தொலைபேசி ஆலோசனைக்கு விடக்கூடாது. நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று திடீரெனக் குழம்பினால், அல்லது அரைமயக்கமாக இருந்தால், அது கிருமித்தொற்றாகவோ பாரிசவாதமாகவோ இருக்கலாம். அப்போது 1990 அம்பியூலன்ஸை அழைத்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

மாணவிகள் வீட்டில் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. ஒரு பழைய அப்பியாசக் கொப்பியில் திகதி போட்டு, தூக்கம், சாப்பாடு, மருந்து, விழுந்தது, புதிதாகக் கண்ட மாற்றம் என்பவற்றை நாளுக்கு இரண்டு வரி எழுதி வையுங்கள். அழைப்பு வரும்போது வைத்தியர் கேட்பது இவற்றைத்தான். பெற்றோர் அடுத்த முறை கிளினிக் போகும்போது, "இடையில் தொலைபேசியில் கேட்க முடியுமா, எந்த நாளில், எந்த இலக்கத்துக்கு?" என்று விசாரித்து, அந்த இலக்கத்தைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தால் நல்லது.