மாஸ்கோவின் வானளாவிய டி.வி. கோபுரம்

540 மீட்டர் உயரத்தில் ஒரு கான்கிரீட் கோபுரம். அதன் அஸ்திவாரமோ தரைக்குக் கீழே ஐந்து மீட்டரைத் தாண்டவில்லை! "யாரிடம் கதை விடுகிறாய்?" என்று சிவில் மாணவர்கள் அடிக்க வருவது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

1967-ல் மாஸ்கோவில் கட்டி முடிக்கப்பட்ட ஒஸ்டான்கினோ கோபுரம்தான் அது. வடிவமைத்தவர் நிகொலாய் நிகித்தின். தரையில் தானாக நிற்கும் கட்டுமானங்களில் அன்றைக்கு அதுதான் உலகிலேயே உயரம். 1975-ல் கனடாவின் சி.என். டவர் அதை முந்தியது.

டி.வி. ஒளிபரப்புக்கு எதற்கு இத்தனை உயரம்? வி.எச்.எஃப்., யு.எச்.எஃப். அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். பூமியோ உருண்டை. உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் அலை போகும் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். 540-க்குப் போட்டுப் பாருங்கள், சுமார் 96 கி.மீ. நம்ம இராமேஸ்வரம் கோபுரம் 323 மீட்டர், அதற்கு 74. உயரத்தை டபுள் பண்ணினாலும் தூரம் டபுள் ஆகாது, ஒண்ணரை மடங்கு கூட வராது. செலவு மட்டும் எங்கேயோ போய்விடும்!

சரி, அஸ்திவாரத்துக்கு வருவோம். தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையை ஆணி அடித்தா நிறுத்துகிறோம்? அடி கனம், அதனால் விழாது. ஒஸ்டான்கினோவிலும் பத்துக் கால்களோடு அகலமாக விரிந்த அடிப்பகுதியில்தான் எடை குவிந்திருக்கிறது. மேலே போகப் போக ஒல்லி.

ஆனால் காற்று சும்மா விடுமா? காற்று தள்ளும்போது கோபுரம் வளையும். ஒரு பக்கம் அமுங்கும், எதிர்ப்பக்கம் இழுபடும். கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுவிசை என்றால் விரிசல்தான். இது ஃபர்ஸ்ட் இயர் பாடம். இங்கேதான் நிகித்தின் மூளை வேலை செய்தது. உள்ளே குழாய் மாதிரி இருக்கும் கோபுரச் சுவரை ஒட்டி, மேலிருந்து கீழ் வரை சுமார் 150 எஃகு வடங்களை முறுக்கேற்றி இழுத்துக் கட்டினார். மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டாவைக் காய்ச்சி மாட்டுவார்களே, ஆறினதும் அது சுருங்கி மரத்தை இறுக்கிப் பிடிக்குமே, அதே தத்துவம். கான்கிரீட் முன்கூட்டியே அமுக்கத்தில் இருப்பதால், காற்றின் இழுவிசை அந்த அமுக்கத்தைக் குறைக்குமே தவிர விரிசல் விடாது. இதற்குப் பெயர்தான் பிரிஸ்ட்ரெஸ்டு கான்கிரீட்.

இந்த வடங்களுக்கு 2000 ஆகஸ்ட் 27-ல் சோதனை வந்தது. உச்சிக்குப் பக்கத்தில், 450 மீட்டருக்கும் மேலே தீப்பிடித்தது. சாதாரணமாகத் தீ மேலே ஏறும். இங்கே கீழே இறங்கியது! ஆன்டெனாவுக்குப் போகும் கேபிள்களின் பாலிதீன் உறை உருகி, எரிந்துகொண்டே சொட்டுச் சொட்டாக விழுந்து அடுத்தடுத்த தளங்களைப் பற்ற வைத்தது. தீயணைப்பு வீரர்கள் கனமான சாமான்களைச் சுமந்துகொண்டு படியேறினார்கள். ஒரு தீயணைப்பு அதிகாரி, லிஃப்ட் இயக்கும் பெண் உட்பட மூன்று பேர் இறந்தார்கள். அவர்கள் போன லிஃப்ட் அறுந்து விழுந்துவிட்டது. மாஸ்கோவில் பெரும்பாலான சேனல்கள் நின்று போயின.

சூட்டில் எஃகு வலுவிழக்கும். அந்த 150 வடங்களில் பெரும்பாலானவை அறுந்தன. கோபுரம் சாயுமோ என்று ஊரே பயந்தது. சாயவில்லை. அதன் சொந்த எடையே கான்கிரீட்டை அமுக்கிக்கொண்டிருந்தது. தவிர, சுவருக்குள் சாதாரணக் கம்பிகளும் இருந்தன. வடங்கள் பிறகு புதிதாக இழுத்துக் கட்டப்பட்டன. 2009-ல் பார்வையாளர் தளமும் மறுபடி திறக்கப்பட்டது.

எலக்ட்ரானிக்ஸ்காரர்களுக்கு ஒரு வார்த்தை: ஆன்டெனாவின் கெயினைக் கணக்குப் போடுகிறோம், கேபிளில் எத்தனை டெசிபல் போகும் என்று பார்க்கிறோம். அதன் உறை தீப்பிடிக்குமா என்று எந்தப் பேப்பரிலாவது கேள்வி வந்திருக்கிறதா?