கோவையில் கோல் விழவில்லை... கோப்பையைப் பங்கு போட்ட பரம எதிரிகள்!

பொங்கல் வந்துவிட்டால் கம்மாபுரம், விருத்தாசலம் பக்கத்து ஊர்களில் என்ன நடக்கும்? கபடி, கைப்பந்து, கால்பந்து என்று தெருவுக்குத் தெரு போட்டிதான். மேலத்தெரு டீமும் கீழத்தெரு டீமும் பைனலுக்கு வந்துவிட்டால் கோப்பை பித்தளையா, எவர்சில்வரா என்று ஒருவனும் பார்க்க மாட்டான். "நாம ஜெயிக்காட்டியும் பரவாயில்லை, அவனுங்க ஜெயிச்சிடக் கூடாது." பேச்செல்லாம் இதுதான்.

இதே பேச்சு ஒரே நாளில் ஒரு லட்சம் பேர் வாயில் வந்தால் எப்படி இருக்கும்? அதுதான் கல்கத்தா! மோகன் பகான் ஒரு பக்கம், ஈஸ்ட் பெங்கால் ஒரு பக்கம். இரண்டும் ஒரே ஊர் கால்பந்து கிளப்புகள். இரண்டுக்கும் ஜென்மப் பகை.

அந்தப் பகை ஒரு தடவை ரெயில் ஏறி நம் தமிழ்நாட்டுக்கே வந்தது. வருஷம் 1978. ஊர் கோவை. ஃபெடரேஷன் கோப்பை பைனல். கல்கத்தாவில் இருந்து இரண்டாயிரம் கிலோ மீட்டருக்கு மேல் தள்ளி வந்தும் பைனலில் எதிரே நின்றது யார் தெரியுமா? அதே அடுத்த வீட்டுக்காரன்தான்!

முடிவு என்ன ஆனது? அதற்கு முன், இந்தப் பகை எப்படி மூண்டது என்ற கதையைக் கேளுங்கள்.

ஆளை உட்கார வைத்ததால் வந்த வினை

மோகன் பகான் மூத்த கிளப். 1889-ல் தொடங்கியது. 1911-ம் ஆண்டு ஜூலை 29-ந்தேதி ஐ.எஃப்.ஏ. ஷீல்டு பைனலில் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட் என்ற வெள்ளைக்காரப் பட்டாள டீமை 2-1 என்று மண்ணைக் கவ்வ வைத்தது. வெள்ளைக்காரன் காலில் பூட்ஸ். நம் ஆட்களில் பூட்ஸ் போட்டவர் ஒரே ஒருவர். மற்ற 10 பேருக்கும் வெறுங்கால்! சிவதாஸ் பாதுரிதான் கேப்டன். வெற்றி கோலை அடித்தவர் அபிலாஷ் கோஷ். நாடே கொண்டாடியது. சுதந்திரப் போராட்டத்தில் அதுவும் ஒரு அத்தியாயம் என்று சொன்னால் மிகை இல்லை.

ஈஸ்ட் பெங்கால் பிறந்தது ஒரு கோபத்தில்! 1920 ஜூலை 28-ந்தேதி கூச்பெகார் கோப்பை ஆட்டம். மோகன் பகானை எதிர்த்து ஆடியது ஜோராபகான் என்ற கிளப். அந்த டீமில் சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரரை வெளியே உட்கார வைத்து விட்டார்கள். அவர் கிழக்கு வங்காளத்துக்காரர். கிளப்பின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சவுத்ரியும் அந்தப் பக்கத்து ஆள். "ஏன் எடுக்கலை?" என்று கேட்டார். சரியான பதில் இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார். நாலே நாள்! ஆகஸ்டு 1-ந்தேதி புதுக் கிளப். பெயரே ஈஸ்ட் பெங்கால், அதாவது கிழக்கு வங்காளம்.

அன்றைக்கு அந்த ஆட்டக்காரரை இறக்கியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

1925 மே 28-ல் இரண்டு கிளப்பும் லீக்கில் முதல் முறையாக மோதின. நேற்று முளைத்த கிளப் 1-0 என்று பெரிய அண்ணனைக் கவிழ்த்தது. அன்று பற்றிய தீ இன்றும் அணையவில்லை.

இறாலா, உள்ளம் மீனா?

1947-ல் நாடு பிரிந்தது. கிழக்கு வங்காளம் பாகிஸ்தானுக்குப் போனது. வீடு, நிலம், தோப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு அகதிகளாகக் கல்கத்தாவுக்கு வந்தவர்கள் லட்சக்கணக்கில். உள்ளூர்க்காரர்கள் அவர்களை "பாங்கால்" என்றார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு "கோட்டி" என்று பெயர். (நம் நெல்லைப் பக்கத்துக் "கோட்டி" வேறு, சிரிக்காதீர்கள்!)

வேலை இல்லை. இருக்க இடம் இல்லை. ரெயில்வே பிளாட்பாரத்திலும் முகாமிலும் கிடந்த ஜனங்களுக்கு "இது நம்மது" என்று சொல்லிக்கொள்ள அந்த ஊரில் இருந்த ஒன்று ஈஸ்ட் பெங்கால் கிளப். அது ஜெயித்தால் போன ஊர் திரும்பக் கிடைத்தது போல. தோற்றால் மறுபடியும் ஒருமுறை ஊரை இழந்தது போல. வெறும் விளையாட்டு என்று நாம் சொல்லிவிடலாம். அவர்களால் சொல்ல முடியாது.

அந்த நேரத்தில் ஈஸ்ட் பெங்காலைத் தூக்கி நிறுத்தியது யார்? தென்னாட்டுக்காரர்கள்! அப்பாராவ், தன்ராஜ், சாலே, அகமது கான், வெங்கடேஷ் என்ற முன்வரிசை. ஐந்து பேருமே தெற்கில் இருந்து போனவர்கள். கல்கத்தாக்காரர்கள் வைத்த பெயர் "பஞ்ச பாண்டவர்". 1949-ல் லீக், ஷீல்டு, ரோவர்ஸ் கோப்பை மூன்றையும் அள்ளினார்கள். பின்னாளில் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் என்ன செய்தார் தெரியுமா? நீலகிரி வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டருக்கு ஆடியவர், கல்கத்தா போய் மோகன் பகான் கோலையும் காத்தார், ஈஸ்ட் பெங்கால் கோலையும் காத்தார். இரண்டு வீட்டிலும் சாப்பிட்ட ஆள்!

சாப்பாடு என்றதும் மீன் ஞாபகம் வருகிறது. மோகன் பகான் ஜெயித்தால் அந்த ரசிகர்கள் வீட்டில் இறால். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ் மீன். நம் கடற்கரைப் பக்கம் உள்ளம் என்பார்களே, அதேதான். முள் ஜாஸ்தி; ருசியும் ஜாஸ்தி. மேட்ச் முடிந்த மாலையில் மார்க்கெட்டில் எந்த மீன் விலை ஏறுகிறதோ, அதை வைத்தே யார் ஜெயித்தார்கள் என்று சொல்லிவிடலாம். கடலூர் துறைமுகத்து மீன் வியாபாரிகளுக்கு இப்படி ஒரு யோகம் வாய்க்கவில்லை!

ஐந்து கோல் அவமானம்

1975 செப்டம்பர் 30. ஐ.எஃப்.ஏ. ஷீல்டு பைனல். இரண்டு கிளப்பும் எதிரெதிரே. சுர்ஜித் சென்குப்தா முதல் கோல் அடித்தார். ஷியாம் தாபா இரண்டு. ரஞ்சித் முகர்ஜி ஒன்று. சுபாங்கர் சன்யால் ஒன்று. ஈஸ்ட் பெங்கால் 5, மோகன் பகான் 0!

தோற்றவர்கள் வீடு திரும்ப முடியுமா? மோகன் பகான் வீரர்கள் சிலர் ரசிகர்கள் கண்ணில் படாமல் அன்று இரவைக் கங்கையில் படகில் கழித்தார்கள் என்று இன்றும் சொல்வார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால், இந்தத் தோல்வியைத் தாங்க முடியாமல் ஒரு இளம் ரசிகர் உயிரையே விட்டார். அதைக் கேட்ட பிறகு சிரிப்பு வராது.

அடுத்த வருஷம் லீக் ஆட்டத்தில் மோகன் பகானின் முகமது அக்பர் பந்து உருண்ட 17-வது விநாடியில் கோல் போட்டார். டீக்கடையில் டீ ஆற்றும் நேரம்கூட இல்லை! ஆட்டம் 1-0. ரசிகர்களுக்கு உயிர் வந்தது. 1977-ல் பீலே வந்த காஸ்மாஸ் டீமோடு மோகன் பகான் 2-2 என்று டிரா செய்தது. அதே ஆண்டு ஷீல்டு, டூரண்டு, ரோவர்ஸ் என்று மூன்று கோப்பை. ஆனால் எர்ணாகுளத்தில் நடந்த முதல் ஃபெடரேஷன் கோப்பை மட்டும் கை நழுவியது. பைனலில் பெங்களூர் ஐ.டி.ஐ. கம்பெனி டீம் 1-0 என்று தட்டிப் பறித்துவிட்டது.

கோவையில் என்ன நடந்தது?

ஆகவே 1978-ல் கோவைக்கு வந்தபோது மோகன் பகானுக்கு அந்தக் கோப்பை மீது கண். நாட்டிலேயே எது சிறந்த கிளப் என்று பார்ப்பதற்காக அகில இந்திய கால்பந்து சம்மேளனம் தொடங்கிய போட்டி அது. ஈஸ்ட் பெங்காலுக்கோ கோப்பையும் வேண்டும். அதைவிட முக்கியமாக, மோகன் பகானுக்குக் கிடைக்கவும் கூடாது.

பைனல் நடந்தது. கோல் விழவில்லை. 0-0. கடைசியில் இரண்டு கிளப்பும் கூட்டாக வென்றதாக அறிவித்துவிட்டார்கள்! பாகப் பிரிவினை மாதிரி ஆளுக்குப் பாதி கோப்பை.

இதில் ஒரு வேடிக்கை. பாதி கிடைத்ததே என்று சந்தோஷப்படுவதா, பாதி போனதே என்று அழுவதா? என்னைக் கேட்டால், இரண்டு பேருக்குமே உள்ளுக்குள் நிம்மதிதான் இருந்திருக்கும். தோற்றுவிட்டு ஊர் திரும்ப வேண்டாமே! 1975-ன் படகு யாருக்கு மறக்கும்?

இது முதல் தடவையும் இல்லை, கடைசியும் இல்லை. 1960 டூரண்டு கோப்பையை இதே இரண்டு பேரும் பங்கு போட்டார்கள். 1980-ல் ஃபெடரேஷன் கோப்பை மறுபடியும் பங்கு. 1982-ல் டூரண்டு மறுபடியும் பங்கு. அண்ணன் தம்பி சொத்துத் தகராறில்கூட இத்தனை ராஜி நடந்திருக்காது.

கோவையில் பாதியாகப் பிரிந்த அந்த ஃபெடரேஷன் கோப்பைப் போட்டி 2017-உடன் நின்றே போனது. பங்கு போடும் வழக்கமும் போய்விட்டது. 2025 அக்டோபரில் நடந்த ஐ.எஃப்.ஏ. ஷீல்டு பைனலில் இரண்டு கிளப்பும் 1-1. கடைசியில் பெனால்டி. மோகன் பகான் 5-4 என்று முழுக் கோப்பையையும் தூக்கிக்கொண்டு போனது. எதிராளிக்கு ஒரு கைப்பிடிகூட இல்லை!

16 பேர் பலி

1980 ஆகஸ்டு 16. மே மாதம்தான் ஃபெடரேஷன் கோப்பையைப் பங்கு போட்டிருந்தார்கள். மூன்றே மாதம் கழித்து ஈடன் கார்டனில் லீக் ஆட்டம். பைனல்கூடக் கிடையாது. கோப்பை எதுவும் அன்றைக்குக் கைமாறப் போவதில்லை.

மைதானத்தில் முரட்டு ஆட்டம். டீமுக்கு ஒருவர் வீதம் இரண்டு பேரை நடுவர் வெளியே அனுப்பினார். அவ்வளவுதான்! கேலரியில் இரண்டு பக்கத்து ரசிகர்களும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். கைகலப்பு. கல்வீச்சு. பயந்து போன ஜனங்கள் படிக்கட்டைப் பார்த்து ஓடினார்கள். நெரிசலில் விழுந்தவர்கள் எழவில்லை. ஒருவர் மேல் ஒருவர். 16 பேர் செத்தார்கள்.

காலையில் வீட்டில் "மேட்ச் பார்த்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போன பிள்ளைகள். பிணத்துக்கு மெரூன் பச்சை என்ன, சிவப்பு மஞ்சள் என்ன?

ஆட்டத்தின் முடிவு? 0-0.

ஆண்டுதோறும் ஆகஸ்டு 16-ந்தேதியைக் கால்பந்து ரசிகர்கள் தினமாக அங்கே அனுசரிக்கிறார்கள். அன்று ரத்த தானம் நடக்கும்.

அதோடு சண்டை ஓய்ந்ததா என்றால், இல்லை. 1997 ஃபெடரேஷன் கோப்பை அரை இறுதிக்கு சால்ட் லேக் ஸ்டேடியத்தில் கூடியவர்கள் 1,31,781 பேர். ஒரு ஆட்டத்துக்கு! மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தா வாய்ச் சவடாலில் மன்னன். எதிர் டீம் வீரர் ஒமோலோவை "ஆம்லெட்" என்றார். சோசோவை "வெள்ளரிக்காய்" என்றார். பைச்சுங் பூட்டியாவையும் விடவில்லை. பூட்டியா பதில் பேசவில்லை. மூன்று கோல் போட்டார். ஈஸ்ட் பெங்கால் 4-1!

2012 டிசம்பர் 9-ந்தேதி கேலரியில் இருந்து பறந்த கல் மோகன் பகான் வீரர் ரகீம் நபியின் முகத்தைப் பதம் பார்த்தது. அந்த டீம் இரண்டாம் பாதி ஆட வர மறுத்தது. கல்லடி பட்ட டீமுக்கே இரண்டு ஆண்டு தடை! பிறகு தடையை நீக்கி 2 கோடி ரூபாய் அபராதம் போட்டார்கள். இது என்ன நியாயம் என்று மோகன் பகான் ரசிகர்கள் இன்றும் கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது.

2023 டூரண்டு பைனலிலும் இதே ஜோடி. ஒரு ஆள் குறைந்து 10 பேரோடு ஆடிய மோகன் பகான், ஆஸ்திரேலியாக்காரர் பெட்ராடோஸ் அடித்த ஒரே கோலில் வென்றது.

ஆட்டம் ரத்து! ஆனால் கூட்டம் வந்தது!

2024 ஆகஸ்டு 18, ஞாயிற்றுக்கிழமை. டூரண்டு கோப்பையில் இரண்டு கிளப்பும் மோத வேண்டிய நாள். ஒன்பது நாளைக்கு முன்புதான் கொல்கத்தா ஆர்.ஜி. கர் ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் டாக்டர் பணி நேரத்தில் கற்பழித்துக் கொல்லப்பட்டார். ஊரே கொதித்துக் கொண்டிருந்தது. பாதுகாப்புக்குப் போலீஸ் போதாது என்று சொல்லி ஆட்டத்தை ரத்து செய்து விட்டார்கள்.

மேட்ச் இல்லை என்றால் ரசிகனுக்கு அங்கே என்ன வேலை? ஆனால் சாயங்காலம் சால்ட் லேக் ஸ்டேடியம் வாசலில் கூட்டம் திரண்டது. மெரூன் பச்சைச் சட்டையும் வந்தது. சிவப்பு மஞ்சள் சட்டையும் வந்தது. முகமதன் ஸ்போர்ட்டிங் கிளப் ரசிகர்களும் சேர்ந்து கொண்டார்கள். "நீதி வேண்டும்" என்று ஒரே குரலில் கோஷம். ஒரு கிளப் ரசிகரின் தோளில் எதிர் கிளப் ரசிகர் ஏறி உட்கார்ந்து கை உயர்த்திய படம் நாடு பூராவும் சுற்றியது.

மேட்சுக்குப் போலீஸ் இல்லை என்றார்களே, வாசலில் இருந்தது! தடியடி நடந்தது. இரண்டு கொடிக்காரர்களும் சேர்ந்து ஓடினார்கள். சேர்ந்தே திரும்பி வந்தார்கள். அடித்த தடிக்கு எது எந்தக் கிளப் என்று தெரியாது.

நூறு ஆண்டில் எத்தனையோ கோப்பைகளைப் பங்கு போட்ட ஆட்கள்தான். அன்று பங்கு போட்டது அடியை.

இரண்டு மாதம் கழித்து அக்டோபர் 19-ந்தேதி அதே ஸ்டேடியத்தில் ஐ.எஸ்.எல். ஆட்டம். பழையபடி இரண்டு பக்கமும் கொடி, இரண்டு பக்கமும் கூச்சல். மோகன் பகான் 2-0 என்று ஜெயித்தது. இறால் வீட்டுக்காரர்களுக்குக் கொண்டாட்டம்!