வலைப்பின்னலுக்கு வாயிற்காவல்

களஞ்சியத்தைப் பூட்டிவிட்டுப் பின்கதவைத் திறந்து வைப்பார் உண்டோ? அலுவலகக் கணினி வலைப்பின்னலில் அத்தகைய பின்கதவு, சுவரிலுள்ள இணைப்புத் துளையே. வெளியார் தம் மடிக்கணினியை அதிற் செருகினால், உள்ளிருக்கும் கோப்புகளை எட்டும் வழி அவருக்குக் கிட்டலாம்.

ஒவ்வொரு கருவிக்கும் 48 பிட் கொண்ட 'மேக்' முகவரி உண்டு. அம்முகவரிகளைப் பட்டியலிட்டு அனுமதித்தல் மட்டும் போதாது. பிறிதொரு கருவியும் அதனைப் போலியாகப் பூண்டுகொள்ளக்கூடும்.

2001-ஆம் ஆண்டில் வெளியான ஐ.இ.இ.இ. 802.1எக்ஸ் நியமம் இதற்கு வழி காட்டுகிறது. கருவி தன் சான்றிதழையோ கடவுச்சொல்லையோ அளிக்கும். 'சுவிட்ச்' அதனைச் சரிபார்க்கும் கணினிக்கு அனுப்பும். ஒப்புதல் வரும்வரை வழி அடைபட்டே இருக்கும். இவ்வாறு சான்று காட்ட இயலாத பழைய அச்சுப்பொறிகளைத் தனிப் பிரிவில் ஒதுக்கி வைத்தல் வேண்டும்.

நம் ஒன்றிய அலுவலகங்களிலும் பயனாளிகளின் வங்கிக் கணக்கு எண்கள் உள்ளன. ஆதலின், இருக்கும் கருவிகளைக் கணக்கெடுப்பதே நமது முதற்பணியாகும்.