சத்தம் எப்போது வருகிறது?

பிம்ப்ரியில் பழைய மும்பை–புணே சாலையை ஒட்டிய ஒரு பட்டறை. ஓடிக்கொண்டிருக்கும் பெட்ரோல் காரின் இன்ஜினில் நீளமான ஸ்குரூ டிரைவரை ஊன்றி, அதன் பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தியபடி கண்ணை மூடி நிற்கிறார் மெக்கானிக். டாடா மோட்டார்ஸ் ஆலை இருக்கும் ஊர்தான். ஆனாலும் இங்கே முதல் சோதனை இதுதான்.

‘நாக்கிங்’ என்று எல்லாச் சத்தத்துக்கும் ஒரே பெயரை வைத்துவிடுகிறோம். உண்மையில் இவை இரண்டு வேறு கோளாறுகள்.

ஒன்று, எரிவதில் வருவது. ஸ்பார்க் பிளக் மூட்டிய தீ பரவி வருவதற்குள், மூலையில் எரியாமல் மிஞ்சிய பெட்ரோல்–காற்றுக் கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானே பற்றிக்கொள்கிறது. அந்த அழுத்த அலை சிலிண்டரை அறைகிறது. டாப் கியரிலேயே மேட்டில் ஏற்றினால், தகர டப்பாவில் புளியங்கொட்டையைக் குலுக்கியதுபோல் கேட்கும். கியரைக் குறைத்தால் அடங்கும். மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோல், படிந்த கரி, முந்திப்போன டைமிங் எல்லாமே காரணமாகலாம். பக்கத்து ஆகுர்டியைத் தலைமையிடமாகக் கொண்ட பஜாஜ், 2003-இல் பல்சர் பைக்குக்கு ஒரே சிலிண்டரில் இரண்டு பிளக் வைத்தது. தீ இரு பக்கமிருந்தும் கிளம்புவதால் மூலைக் கலவைக்குத் தானாகப் பற்ற அவகாசம் குறைவு.

மற்றது, இரும்போடு இரும்பு மோதுவது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் தட்டி, சூடேறியதும் மறைந்தால் தேய்ந்த பிஸ்டனாக இருக்கலாம். சூடேற ஏற ஆயில் இளகிச் சத்தம் கூடினால் பேரிங் மேல்தான் சந்தேகம். வேகத்தையும் கவனிக்க வேண்டும்: கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் வால்வுகளைத் திறக்கும் கேம் ஒரு சுற்று. ஐடிலில் நிமிடத்துக்கு 900 சுற்று என்றால் கிராங்குக்கு நொடிக்கு 15, ஒரு வால்வின் டேப்பட்டுக்கு ஏழெட்டுத் தட்டுதான். பழகிய காது இந்தப் பாதிக் கணக்கைப் பிடித்துவிடும். எனக்கு எல்லாம் ஒன்றாகவே கேட்டது.

மெக்கானிக் ஸ்குரூ டிரைவரை மேல்மூடியிலிருந்து ஆயில் தொட்டிப் பக்கம் இறக்கினார். முகம் மாறியது. ஒவ்வொரு சிலிண்டராக மின்சாரத்தைத் துண்டித்துப் பார்த்தார். மூன்றாவதில் ‘டொக் டொக்’ மங்கியது. வெடிப்பின் அடி விழாததால் கனெக்டிங் ராடு பேரிங் சற்றே ஆறுகிறது என்று பொருள். உடனே இன்ஜினை அணைத்தார். டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி விட்டெடுத்தார். நுனியில் மட்டும் கருப்பாக ஒரு சொட்டு.

ஓட்டிக்கொண்டே வீட்டுக்குப் போய்விடலாமா என்று வண்டிக்காரர் கேட்டார். மெக்கானிக் பதில் சொல்லாமல் சாவியை எடுத்துத் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.